ஸ்டாஃப் ரூம் சண்டைக்கு வெளியாள்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

பி.இ.டி. (விளையாட்டு) பீரியடைக் கணக்கு டீச்சர் ‘போர்ஷன் முடியலைங்க’ என்று எடுத்துக்கொள்வது. லீவு போட்டவரின் வகுப்பு எப்போதும் ஒரே ஆளின் தலையில் விழுவது. எமிஸ் (அரசின் பள்ளி விவர இணையதளம்) பதிவு வகுப்பாசிரியர் வேலையா, ஆபீஸ் வேலையா என்பது. ஆண்டு விழா டான்ஸுக்குப் பிள்ளைகளைப் பாதி வகுப்பில் கூட்டிக்கொண்டு போவது. பள்ளியில் இரண்டு பேருக்குள் பேச்சு நின்றுபோவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த அளவில்தான் தொடங்குகிறது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் பீரியடு மறந்திருக்கும். ‘அந்தம்மா உட்கார்ற டேபிள்ல நான் சாப்பிட மாட்டேன்’ என்பது மட்டும் மிச்சமிருக்கும்.

இதைச் சரிசெய்து தருகிறோம் என்று தாளாளர் அறைக்கு வருகிற சேவைகள் நான்கு வகை. சனிக்கிழமை ஒருநாள் பயிற்சி வகுப்பு ஒன்று. சண்டையில் இருக்கும் இருவரை மட்டும் உட்காரவைத்து நடத்தும் சமரசம் இரண்டாவது. தலைமையாசிரியருக்கோ ஒருங்கிணைப்பாளருக்கோ சில வாரங்கள் தொடரும் கோச்சிங் மூன்றாவது. மொத்த ஸ்டாஃபையும் வேனில் ஏற்றி ஏற்காட்டுக்குக் கூட்டிப்போகும் இரண்டு நாள் முகாம் நான்காவது. நான்கையும் ஒரே நோட்டீஸில் போட்டு ஒரே விலை சொல்வார்கள். பிரித்துக் கேளுங்கள். சமரசமும் கோச்சிங்கும் ஒழுங்காகச் செய்தால் காசுக்குத் தகும். மற்ற இரண்டும் அப்படியில்லை.

சனிக்கிழமை வகுப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அறுபது பேரை ஹாலில் உட்காரவைத்துப் படக்காட்சி, செய்தித்தாளின் மேல் நிற்கும் விளையாட்டு, மதியம் வெஜ் பிரியாணி, சான்றிதழ், குரூப் போட்டோ. சண்டை போட்டவர்கள் போட்டோவில் இரண்டு ஓரத்தில் நிற்பார்கள். ஓய்வு நாளைப் பறித்தார்கள் என்ற கோபம் கூடுதலாகச் சேரும். ‘சண்டையை எதிர்கொள்ளும் ஐந்து முறைகள்’ என்று தாமஸ்–கில்மன் வினாத்தாளைச் சில இடங்களில் கொடுக்கிறார்கள். முப்பது ஜோடி வாக்கியங்களில் ஒவ்வொன்றிலும் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தனியாக நிரப்பித் தனக்குள் வைத்துக்கொண்டால் உபயோகம் உண்டு. ஹாலில் எல்லோர் முன்னாலும் விடையைப் படிக்கச் சொன்னால், ‘பார்த்தியா, அவருக்குப் போட்டி போடுற குணம்னு பேப்பரே சொல்லுது’ என்று அதுவே அடுத்த சண்டைக்குத் தீனி.

இருவர் சமரசம்தான் இதில் உருப்படியான சரக்கு. இது பஞ்சாயத்து இல்லை. பஞ்சாயத்தில் பெரியவர் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்வார், இருவரும் தலையாட்டுவார்கள். சமரசத்தில் வந்தவருக்குத் தீர்ப்புச் சொல்லும் வேலை கிடையாது. எது சரி என்று அவர் வாய் திறந்த நிமிடமே ஒரு பக்கத்தை இழந்துவிடுவார். வந்த அரைமணியில் ‘ரெண்டு கை தட்டினாத்தான் ஓசை’ என்று சொல்கிற ஆளாக இருந்தால் டீ கொடுத்து அனுப்பிவிடலாம். வாரம் ஐந்து சப்ஸ்டிடியூஷன் (லீவு போட்டவருக்குப் பதிலாக எடுக்கும் வகுப்பு) வாங்கிக்கொண்டு வாய் திறக்காமல் இருந்த டீச்சரும், பட்டியல் போட்டவரும் சமமான குற்றவாளிகள் என்பது அந்தப் பழமொழிக்குள் ஒளிந்திருக்கும் தீர்ப்பு.

நல்ல சமரசர் முதல் போனிலேயே மூன்று கேள்வி கேட்பார். மெமோ ஏதாவது கொடுத்தாகிவிட்டதா? இருவரில் ஒருவர் மற்றவருக்கு மேலதிகாரியா? இதில் தொடுதல், மிரட்டல், சாதிப் பேச்சு, பணக் கையாடல், பிள்ளைகள் சம்பந்தப்பட்டது ஏதாவது உண்டா? மூன்றாவதுக்கு ‘ஆமாம்’ என்று பதில் வந்தால் அவர் அங்கேயே நிறுத்த வேண்டும். பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் தொல்லை பற்றிய 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும். பாதிக்கப்பட்ட பெண்ணே கேட்டுக்கொண்டால்தான், விசாரணை தொடங்கும் முன் அந்தக் குழு சமரசத்துக்கு முயலலாம். பணம் கொடுத்து முடிப்பதற்கும் இடமில்லை. குழந்தை சம்பந்தப்பட்ட பாலியல் குற்றம் என்றால் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு, தெரிந்தவர் எவரும் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும் என்கிறது. சொல்லாமல் விட்டால் நிறுவனப் பொறுப்பில் இருப்பவருக்கு ஓராண்டு வரை சிறை. ‘எல்லாத்தையும் பேசித் தீர்த்துடலாம்ங்க’ என்று வருகிறவரை இந்த ஒரு கேள்வியிலேயே எடைபோட்டுவிடலாம்.

அடுத்தது தனித்தனிச் சந்திப்பு. பணம் கொடுத்து வாங்குகிற பொருளே இதுதான் என்று சொல்லலாம். ஆனால் ‘நேரம் மிச்சம்’ என்று பள்ளிகள் முதலில் வெட்டுவதும் இதைத்தான். ஒருவருக்கு 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம். இருவருக்கும் ஒரே அளவு நேரம், ஒரே அறை. தாளாளர் அறை ஆகாது, ஸ்டாஃப் ரூமும் ஆகாது. ஜன்னல் வழியாக யாரும் பார்க்க முடியாத லேபோ நூலகமோ போதும். இவர் உள்ளே போய் எவ்வளவு நேரம் ஆச்சு என்று வெளியே கடிகாரம் பார்க்கிற கூட்டம் எந்தப் பள்ளியிலும் உண்டு என்பதால், நேரம் பிசகினாலே கதை கட்டிவிடுவார்கள். இங்கே சமரசர் ‘என்ன நடந்தது’ என்று மட்டும் கேட்டால் நடந்தது முழுக்க வரும், வேண்டியது வராது. ‘இது சரியாயிடுச்சுன்னு வைங்க, திங்கட்கிழமை காலையில உங்க டைம்டேபிள்ல என்ன மாறியிருக்கும்?’ என்பது மாதிரிக் கேள்வி வேண்டும். ‘அவர் மன்னிப்புக் கேட்கணும்’ என்று தொடங்கியவர், பத்து நிமிடத்தில் ‘பத்தாம் வகுப்பு ரிவிஷன் அட்டவணையை என்னைக் கேட்டுட்டுப் போடணும்’ என்ற இடத்துக்கு வந்துவிடுவார். முன்னது கௌரவப் பிரச்சினை, பின்னது தீர்க்கக்கூடியது.

தனிச் சந்திப்பின் முடிவில், ‘இதில் எதை அவரிடம் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது’ என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். இந்த ஒரு வரியைக் கேட்க மறந்து, இவர் சொன்னதை அவரிடம் நல்லெண்ணத்தில் உளறியதால் கெட்டுப்போகும் சமரசம் நிறைய.

கூட்டு அமர்வு இரண்டு மணி நேரம், மிஞ்சினால் இரண்டரை. மூன்று நாற்காலி, முக்கோணமாக. நடுவில் மேஜை வேண்டாம். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாலே ஆள் எச்.எம். ஆகிவிடுவார். செல்போன் அறைக்கு வெளியே. ஆளுக்கு ஐந்து முதல் ஏழு நிமிடம் குறுக்கீடு இல்லாமல் பேச்சு, பிறகு சமரசர் கேட்டதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லிச் சரிபார்ப்பது, பிறகு சார்ட்டில் பிரச்சினைகளைக் கேள்வியாக எழுதுவது. ‘பி.இ.டி. பீரியடைத் திருடுவது’ என்று எழுதக் கூடாது; ‘போர்ஷன் பாக்கியிருக்கும் வாரத்தில் கூடுதல் பீரியடு எங்கிருந்து எடுப்பது?’ என்று எழுத வேண்டும். அப்படி எழுதிய பிறகு இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பதை விட்டுச் சார்ட்டைப் பார்ப்பார்கள். முடிச்சு அவிழ்வது அப்போதுதான்.

தமிழில் நடத்துங்கள் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆங்கிலவழிப் பள்ளி என்பதால் வந்தவரும் ஆங்கிலத்தில் ஆரம்பிப்பார். அந்த நிமிடமே இங்கிலீஷ் மிஸ்ஸின் கை ஓங்கும். ஆபீஸ் கிளார்க்கோ வேன் பொறுப்பாளரோ இரண்டு வார்த்தையில் முடித்துக்கொள்வார். ஏற்காட்டு விடுதிப் பள்ளியில் மலையாளமோ வேறு மொழியோ வீட்டுமொழியாக இருப்பவர் வந்தால், அவருக்கு எது வசதி என்று தனிச் சந்திப்பிலேயே கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

நம் ஊரில் இந்த அமர்வு தோற்பது பெரும்பாலும் கூச்சலால் இல்லை, பணிவால். இருபது வருட சீனியரும் இரண்டு வருட ஜூனியரும் உட்கார்ந்தால் ஜூனியர் ‘நீங்க சொன்னா சரிங்க மேடம்’ என்று பத்து நிமிடத்தில் முடித்துவிடுவார். சமரசர் மகிழ்ந்து கையெழுத்து வாங்கிவிடுவார். வெள்ளிக்கிழமைக்குள் பழைய கதை. வேலை தெரிந்த சமரசர், இப்படிச் சட்டென்று வரும் சம்மதத்தைச் சந்தேகப்படுவார். அமர்வை நிறுத்தி இருவரையும் தனித்தனியே ஐந்து நிமிடம் பார்த்து, ‘இதை எழுதிட்டா அடுத்த வாரம் உங்களால நிஜமா செய்ய முடியுமா?’ என்று கேட்பார். இன்னொன்று: ஆசிரியரின் அசல் சான்றிதழ்களைப் பள்ளி வாங்கி வைத்திருந்தால், நிர்வாகத்துக்கும் அவருக்கும் இடையே சமரசம் என்ற பேச்சுக்கே அர்த்தமில்லை. கழுத்தில் கயிற்றோடு போடுகிற கையெழுத்து சம்மதம் ஆகாது. சான்றிதழைத் திருப்பிக் கொடுத்த பிறகு தேதி குறியுங்கள்.

ஒப்பந்தம் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. ‘பரஸ்பர மரியாதையுடன் நடந்துகொள்வோம்’ என்ற வரி இருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள். அதை மீறினார் என்று யாராலும் நிரூபிக்க முடியாது, மீறவில்லை என்றும் நிரூபிக்க முடியாது. வேண்டியது இப்படி: சப்ஸ்டிடியூஷன் காலை 8.45-க்குள் நோட்டில் எழுதப்படும், வாய்வழி கிடையாது. ஒருவருக்கு வாரம் இரண்டுக்கு மேல் இல்லை. மூன்றாவது தவிர்க்க முடியாமல் வந்தால் அடுத்த வாரக் கணக்கில் கழியும். பி.இ.டி. பீரியடு தேவைப்பட்டால் முந்தைய நாள் மதியத்துக்குள் கேட்டு, பத்து வேலை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். நோட்டு யாரிடம் இருக்கும், அவர் லீவு என்றால் யார் எழுதுவார் என்பதையும் சேர்த்து எழுதினால்தான் அது ஓடும்.

‘எங்க ஒப்பந்தம் கோர்ட் தீர்ப்பு மாதிரி செல்லும்ங்க’ என்று சிலர் அடித்துவிடுகிறார்கள். 2023-இல் சமரசத்துக்கென்றே ஒரு மத்தியச் சட்டம் வந்தது உண்மை. ஆனால் அதன் பிரிவுகள் மொத்தமாக அமலுக்கு வரவில்லை. 2023 அக்டோபர் 9 அன்று நடைமுறைக்கு வந்த முதல் தவணையில், ரகசியம் காக்கும் 22-ஆம் பிரிவும் ஒப்பந்தத்தைச் செயல்படுத்தும் 27-ஆம் பிரிவும் இல்லை. எனவே அந்தப் பேச்சை ஒரு வக்கீலிடம் காட்டாமல் நம்ப வேண்டாம். ரகசியத்துக்கும் சட்டத்தை நம்பி இருக்காமல் தனிக் கடிதமாகவே கையெழுத்து வாங்குங்கள்: சமரசர், இருவர், அதோடு மிக முக்கியமாக, தாளாளர். ஏனென்றால் அமர்வு முடிந்த மாலையே ‘யார் மேல தப்பு, ஒரு ரிப்போர்ட் கொடுங்க’ என்று கேட்பது காசு கொடுத்தவர்தான். கொடுக்கிற சமரசரை அந்தப் பள்ளியில் இனி யாரும் நம்ப மாட்டார்கள். ‘அமர்வு நடந்தது, உடன்பாடு ஏற்பட்டது அல்லது ஏற்படவில்லை’ என்ற ஒற்றை வரிக்கு மேல் நிர்வாகத்துக்கு எதுவும் போகக் கூடாது. ஒப்பந்தத்தில் நிர்வாகம் செய்ய வேண்டியது ஏதாவது இருந்தால், இருவரின் அனுமதியோடு அந்த வரி மட்டும்.

சம்பள பாக்கி, வேலைநீக்கம் என்று வழக்கு வாசலுக்குப் போய்விட்ட விஷயத்துக்குத் தனியார் சேவையே தேவையில்லை. ஒவ்வொரு மாவட்ட நீதிமன்றத்திலும் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. பள்ளிகளில் வேலை பார்ப்பவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால், இந்த வரியை ஸ்டாஃப் ரூம் போர்டிலேயே ஒட்டலாம்.

அரசுப் பள்ளியின் கதை வேறு. அங்கே ‘17 பி’ குறிப்பாணை (பெரிய தண்டனை வரை போகக்கூடிய ஒழுங்கு நடவடிக்கை) கையில் வந்துவிட்டால் பிறகு யார் வந்து பேசினாலும் அது தன் வழியில்தான் போகும். சமரசம் என்றால் அதற்கு முன்னால், தலைமையாசிரியர் அளவிலேயே நடக்க வேண்டும். சொல்லையும் பார்த்துப் போட வேண்டும். அரசு ஆசிரியரிடம் ‘கவுன்சிலிங்’ என்றால் அவர் மாறுதல் கலந்தாய்வு என்று நினைப்பார். தனியார் பள்ளி ஆசிரியரிடம் அதையே சொன்னால், ‘எனக்கென்ன பைத்தியமா?’ என்பார். ‘பேச ஒரு ஏற்பாடு’ என்று சொன்னால் வம்பில்லை.

ஏற்காட்டு முகாமுக்கு வருவோம். சேலத்திலிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சம், இருபது கொண்டை ஊசி வளைவு. காலை எட்டுக்குக் கிளம்பினால் வளைவுகளில் இரண்டு பேருக்கு வாந்தி, மேலே போய் டீ, அறை பிரிப்பு. பதினொன்றுக்கு முன்னால் யாரும் உட்கார மாட்டார்கள். மதியச் சாப்பாடு, ஏரியில் போட்டிங், லேடீஸ் சீட்டில் நின்று கீழே சேலத்து விளக்குகளைப் பார்ப்பது, இரவு கேம்ப் ஃபயர். மறுநாள் மூன்று மணிக்குக் கீழே இறங்க வேண்டும். இரண்டு நாளில் உண்மையாகப் பேசுகிற நேரம் நான்கு மணி நேரம் தேறினால் அதிசயம். அதுவும் எல்லோர் முன்னாலும் பேசுவது. சண்டைக்காரர்கள் அங்கே வாய் திறக்க மாட்டார்கள். அறையில் யார் யாரோடு தங்குவது என்ற பட்டியலே புதுக் கோஷ்டியை உண்டாக்கும். சுற்றுலா என்று பெயர் வைத்தே கூட்டிப்போங்கள், நல்லதுதான். மே மாதக் கோடை விழா நேரத்தில் மட்டும் வேண்டாம்; அறையும் கிடைக்காது, வளைவுகளில் வண்டியும் நகராது.

மலைமேலேயே இருக்கும் விடுதிப் பள்ளிகளுக்கு இது தலைகீழ். அங்கே ஆசிரியர், வார்டன், ஆபீஸ் ஊழியர் எல்லோரும் அடுத்தடுத்த குவார்ட்டர்ஸில் இருக்கலாம். காலையில் ஸ்டடி ஹவர் பற்றிச் சண்டை போட்ட இருவரும் மாலையில் ஒரே தண்ணீர்க் குழாயில் நிற்பார்கள். இருவரின் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் படித்துக்கொண்டிருக்கும். ஆகவே தரப்பு இரண்டு பேர் என்று எழுதினாலும் வீட்டாரையும் சேர்த்து யோசிக்கிற சமரசர் வேண்டும். கூட்டு அமர்வை மலையில் வைக்காமல் கீழே சேலத்தில் ஒரு பொது இடத்தில் வைப்பது நல்லது. இருவரையும் தனித்தனி வண்டியில் அனுப்ப வேண்டும். ஒரே வண்டியில் இருபது வளைவு இறங்கினால் அமர்வு வண்டியிலேயே நடந்து முடிந்துவிடும், அதுவும் மத்தியஸ்தர் இல்லாமல். மேலே வந்துதான் நடத்துவேன் என்பவர் மாலை அமர்வு போடாமல் இருக்கட்டும். பனி இறங்கிய பிறகு கீழே போகும் கவலையில் அவரே கடிகாரம் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

கோச்சிங் யாருக்கு என்பதில்தான் பள்ளிகள் தவறு செய்கின்றன. ‘பிரச்சினை பண்ற டீச்சருக்கு’ என்று அனுப்பினால் அது மெமோவின் இன்னொரு வடிவம். போக வேண்டியவர் தலைமையாசிரியர் அல்லது ஒருங்கிணைப்பாளர். சண்டையை உண்டாக்கும் டைம்டேபிளும், எல்லோர் முன்னாலும் திட்டும் பழக்கமும் அவர் மேஜையிலிருந்துதானே கிளம்புகின்றன. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 50 நிமிடம், மொத்தம் ஆறு அமர்வு என்பது நியாயமான அளவு. அதற்கு முன் கோச் ஒரு ஸ்டாஃப் மீட்டிங்கில் மூலையில் உட்கார்ந்து, யார் எத்தனை நிமிடம் பேசினார்கள் என்று மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும். நாற்பது நிமிட மீட்டிங்கில் எச்.எம். முப்பத்தைந்து நிமிடம் பேசியிருந்தால், அந்தத் தாளே முதல் பாடம். இந்தப் பார்வையிடல் இல்லாத கோச்சிங், நோயாளியைப் பார்க்காமல் மருந்துச் சீட்டு எழுதுவதுதான்.

அந்த ஆறு அமர்வில் பழக வேண்டியது பெரிய தத்துவம் எதுவும் இல்லை. தவறைச் சுட்டிக்காட்டும் பத்து நிமிடப் பேச்சு: என்ன நடந்தது, அதனால் யாருக்கு என்ன ஆனது, இனி என்ன வேண்டும், அப்புறம் வாயை மூடிக்கொண்டு அவர் சொல்வதைக் கேட்பது. நான்காவதுதான் கஷ்டம். ‘நீங்க எப்பவுமே லேட்டுங்க சார்’ என்பதற்கும் ‘இந்த வாரம் செவ்வாயும் வியாழனும் முதல் பீரியடு பத்து நிமிஷம் வகுப்பு தனியா இருந்துச்சுங்க சார்’ என்பதற்கும் உள்ள வித்தியாசம், வாய்விட்டுச் சொல்லிப் பழகினால்தான் வரும். செல்போனில் பதிவுசெய்து தானே கேட்கச் சொல்லும் கோச் கிடைத்தால் விடாதீர்கள். காலைப் பிரேயரிலும் பள்ளி வாட்ஸ்அப் குரூப்பிலும் யார் பெயரையும் சொல்லித் திட்டுவதில்லை என்பதை முதல் அமர்வின் வீட்டுப்பாடமாக வைத்தால், பாதிச் சண்டை அங்கேயே குறையும்.

சமரசம் செய்தவரே பிறகு அதில் ஒருவருக்குக் கோச்சாக வரக் கூடாது. ‘இவர் அப்பவே அவர் பக்கம்தான்’ என்ற பேச்சு வரும். வருவதில் நியாயமும் இருக்கிறது. சேர்த்து எடுத்தால் தள்ளுபடி என்றாலும் இரண்டு ஆள் கேளுங்கள்.

விலையைப் ‘பேக்கேஜ்’ என்று சொன்னால் மணிக்கணக்கில் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்: தனிச் சந்திப்பு எத்தனை மணி, கூட்டு அமர்வு எத்தனை, பின்தொடர்வு எத்தனை. பின்தொடர்வு என்ற இடத்தில் ‘தேவைப்பட்டால்’ என்று இருந்தால் அது நடக்காது. இரண்டாம் வாரம் ஒன்று, ஆறாம் வாரம் ஒன்று, ஒவ்வொன்றும் இருபது நிமிடம், சப்ஸ்டிடியூஷன் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு. மூன்றாவது ஒன்றும் வேண்டும், அதைத்தான் யாரும் சேர்ப்பதில்லை. பிப்ரவரியில் எழுதிய ஒப்பந்தம் ஜூனில் செத்துப்போகும். புது டைம்டேபிள், புது வகுப்பு, சில நேரம் புது ஒருங்கிணைப்பாளர். நோட்டு பழைய வருடத்து பீரோவுக்குள் போயிருக்கும். பள்ளி திறந்த இரண்டாவது வாரத்தில் ஒரு தேதியை இப்போதே எழுதி வாங்குங்கள். விலை கூடுகிறது என்றால், சனிக்கிழமை வகுப்பையும் பிரியாணியையும் கழித்துக்கொள்ளச் சொல்லலாம்.